நெட்வொர்க் கார்டு டிடெக்ட் ஆகலையா? புதுசு வாங்குறதுக்கு முன்னாடி இந்த 5 கேள்வி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா இருக்கணும்னு அங்கங்கே சுருக்கியும் திருத்தியும் இருக்கோம்.)

போன எபிசோடுல லேப்டாப் வாங்குறதைப் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான்: "ப்ரோ, லினக்ஸ் போட்டேன், வைஃபை வரல." இன்னும் சிலர், "விண்டோஸ் 11 போடுறேன், இன்டர்நெட் கனெக்ட் பண்ணுன்னு சொல்லி அங்கேயே நிக்குது, ஆனா லிஸ்ட்ல ஒரு வைஃபை கூட இல்ல." ரெண்டும் ஒரே வியாதிதான். இன்னைக்கு முழுக்க அதைப் பத்தித்தான் பேசப்போறோம்.

இதுல கடுப்பேத்துற விஷயம் என்னன்னா, டிரைவர் டவுன்லோட் பண்ண இன்டர்நெட் வேணும். இன்டர்நெட் வர டிரைவர் வேணும். பெட்டிக்குள்ள சாவியை வெச்சுப் பூட்டின கதை. அந்தப் பூட்டை எப்படித் திறக்கிறதுன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி, நானே இதுல அசிங்கப்பட்ட ஒரு ராத்திரி கதை இருக்கு. அதுல இருந்து ஆரம்பிக்கலாம்.

சித்தி பொண்ணும் ஒரு காலி லேப்டாப்பும்

2023 நவம்பர். என் சித்தி பொண்ணு திருச்சில ஃபைனல் இயர் படிச்சுட்டிருந்தா. விண்டோஸ் இல்லாம வர்ற லேப்டாப் விலை கம்மின்னு ஒண்ணு வாங்கியிருந்தாங்க. "நீ வாங்கு, நான் லினக்ஸ் போட்டுத் தர்றேன்"னு பெரிய மனுஷன் மாதிரி நான்தான் சொல்லியிருந்தேன். டெபியன் 12 போட்ட பென் டிரைவை கூரியர்ல அனுப்பி வெச்சேன். அவளும் செமஸ்டர் பிஸில ஒரு வாரம் அதைத் தொடவே இல்ல.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஃபோன். "அண்ணா, நாளைக்குக் காலைல 10 மணிக்கு பிளேஸ்மென்ட் டெஸ்ட். பிரவுசர்லதான் எழுதணும். காலேஜ் லேப்ல இடம் இல்லையாம், அவங்கவங்க லேப்டாப்புல எழுதச் சொல்லிட்டாங்க. நீங்க கொடுத்ததைப் போட்டா, நெட்வொர்க் கார்டே இல்லைன்னு சொல்லுது."

அது மட்டும் இல்ல. மதியமே பக்கத்துல ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துட்டுப் போயிருக்கா. அங்க ஆன் பண்ணிப் பார்த்துட்டு, "வைஃபை கார்டு போச்சும்மா, மாத்தணும், 1,800 ரூபா ஆகும், நாளைக்கு சாயங்காலம் வாங்கிக்கோ"ன்னு சொல்லிட்டாங்க. அவ என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி: "மாத்தச் சொல்லட்டுமா?"

வாங்கி ரெண்டு வாரம் கூட ஆகாத மெஷின். என் வாய்ல "சரி, மாத்திடு"ன்னு வந்துடுச்சு, கிட்டத்தட்ட. ஏன்னா "நெட்வொர்க் கார்டு இல்லை"ன்னு ஸ்கிரீன்ல இருந்தா, கார்டு இல்லைன்னுதானே நினைப்போம்? அங்கதான் எல்லாரும் ஏமாறுறோம். "கார்டு இல்லை"ன்னு இன்ஸ்டாலர் சொன்னா, "எனக்குப் பேசத் தெரிஞ்ச கார்டு எதுவும் இல்லை"ன்னு அர்த்தம். கார்டு இருக்கலாம். நல்லாவே இருக்கலாம். இவனுக்கு அதோட பாஷை தெரியல, அவ்வளவுதான்.

அதனால மொத்தம் 5 கேள்வி. இந்த வரிசையிலதான் கேட்கணும். அன்னைக்கு ராத்திரி நான் வரிசையை மாத்திக் கேட்டேன், அதனால ஒன்றரை மணி நேரம் வேஸ்ட்.

கேள்வி 1: கார்டு மெஷின் கண்ணுல படுதா?

லேப்டாப் உள்ளே இருக்கிற வைஃபை கார்டு, லேன் சிப் எல்லாம் பிசிஐ எக்ஸ்பிரஸ்ங்கிற பஸ்ல உட்கார்ந்திருக்கும். மெஷின் ஆன் ஆனதும் அந்த பஸ்ல யார் யார் இருக்கீங்கன்னு அட்டெண்டன்ஸ் எடுக்கும். ஒவ்வொரு கார்டும் ரெண்டு நம்பர் சொல்லும். முதல் நம்பர் யார் தயாரிச்சது, ரெண்டாவது நம்பர் எந்த மாடல். இதுக்கு டிரைவர் தேவையே இல்ல. டிரைவர் இல்லாட்டியும் அட்டெண்டன்ஸ்ல பேர் இருக்கும்.

லினக்ஸ்ல அந்த அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரைப் பார்க்குற கமாண்ட் எல்எஸ்பிசிஐ. கூடவே ஒரு ஹைஃபன் போட்டு என், என், கே சேர்த்துக்கோங்க. ரெண்டு என் போட்டா நம்பரையும் காட்டும், கே போட்டா எந்த டிரைவர் அதைப் பிடிச்சிருக்குன்னும் காட்டும். டெபியன் இன்ஸ்டாலர் நடுவுல மாட்டிக்கிட்டாலும் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தினா ஒரு கமாண்ட் ஸ்கிரீன் வரும். கிராஃபிகல் இன்ஸ்டாலர்னா கன்ட்ரோல், ஆல்ட், எஃப்5 அழுத்தித் திரும்ப வந்துடலாம்.

நம்பரைப் பார்த்தா ஆளைக் கண்டுபிடிக்கலாம். 10இசி-ன்னு ஆரம்பிச்சா ரியல்டெக். 14இ4 பிராட்காம். 168சி ஏதெராஸ், இப்போ குவால்காம்கிட்ட இருக்கு. 14சி3 மீடியாடெக். இன்டெல்லோட நம்பர் 8086. ஆமா, 1978ல அவங்க விட்ட ப்ராசஸரோட அதே நம்பர். பேர் சில சமயம் "அன்னோன் டிவைஸ்"னு வரும், பயப்படாதீங்க. அது நம்பருக்குப் பேர் எழுதி வெச்சிருக்கிற லிஸ்ட் பழசுன்னு அர்த்தம். நம்பர் தப்பா வராது. எங்கே தேடினாலும் பேரை வெச்சுத் தேடாதீங்க, நம்பரை வெச்சுத் தேடுங்க.

லிஸ்ட்ல கார்டே இல்லைன்னா? அப்போதான் ஹார்டுவேர் பக்கம் சந்தேகப்படணும். முதல்ல பயாஸ் உள்ளே போய் ஆன்போர்டு லேன், வயர்லெஸ் ரெண்டும் எனேபிள்ல இருக்கான்னு பாருங்க. அப்புறம் மெஷினை முழுசா ஆஃப் பண்ணி, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு அரை நிமிஷம் அழுத்திப் பிடிச்சு, திரும்ப ஆன் பண்ணுங்க. கார்டை நீங்களே மாத்தியிருந்தா, சரியா சொருகி இருக்கான்னு பாருங்க.

மாத்துறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ரெண்டும் முழு கார்டே கிடையாது. ரேடியோ பாகம் மட்டும்தான் அந்தச் சின்ன அட்டைல இருக்கும், மீதி மூளை இன்டெல் சிப்செட் உள்ளேயே இருக்கும். அதை ஏஎம்டி லேப்டாப்புல சொருகினா ஸ்லாட்ல கச்சிதமா உட்காரும், ஆனா ஜென்மத்துக்கும் டிடெக்ட் ஆகாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 தான் சாதாரண பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு. ஒரே ஒரு நம்பர் வித்தியாசம். கடைல "எல்லாம் ஒண்ணுதான் தம்பி"ன்னு சொன்னா நம்பாதீங்க.

யுஎஸ்பி வைஃபை டாங்கிளா இருந்தா பிசிஐ லிஸ்ட்ல வராது, எல்எஸ்யுஎஸ்பி-ன்னு தனி கமாண்ட். அதுல ஒரு தமாஷ் இருக்கு. சில டாங்கிள் சொருகினதும் தன்னை ஒரு சிடி டிரைவ்னு அறிமுகப்படுத்திக்கும்! உள்ளே விண்டோஸ் டிரைவர் வெச்சிருப்பாங்க, அதை இன்ஸ்டால் பண்ணட்டும்னு. லினக்ஸ்ல "நீ சிடி இல்லப்பா, வைஃபை"ன்னு அதுக்கு ஞாபகப்படுத்தணும். அந்த வேலையைச் செய்யுற டூல் யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்.

சரி, திருச்சிக்கு வருவோம். நான் ஃபோன்ல, அவ ஸ்கிரீனைப் பார்த்துப் படிக்கிறா. "அண்ணா, 10இசி, ரெண்டு புள்ளி, பி852."

இந்த ஒரு வரிலேயே 1,800 ரூபா மிச்சம். கார்டு சாகல. தன் பேரைச் சொல்லுது. ரியல்டெக், ஆர்டிஎல்8852பிஇ, வைஃபை 6 கார்டு. "கார்டு போச்சு"ன்னு சொன்ன கடைல இந்த அரை நிமிஷ டெஸ்ட்டை யாரும் பண்ணிப் பார்க்கல.

கேள்வி 2: டிரைவர் வந்து ஒட்டிக்கிச்சா?

அதே கமாண்டுல, கார்டு வரிக்குக் கீழே "கெர்னல் டிரைவர் இன் யூஸ்"னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இருந்தா டிரைவர் ஒட்டியிருக்கு. இல்லைன்னா, கார்டு அநாதையா நிக்குது.

இது எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் சொல்றேன், ஏன்னா இது புரிஞ்சா மீதி எல்லாம் ஈஸி. லினக்ஸ்ல ஒவ்வொரு டிரைவரும் ஒரு மாட்யூல். ஒவ்வொரு மாட்யூலும் "எனக்கு இந்த இந்த நம்பர் கார்டு தெரியும்"னு ஒரு லிஸ்ட் வெச்சிருக்கும். கார்டு நம்பரைச் சொன்னதும், கெர்னல் அந்த லிஸ்ட் எல்லாத்தையும் பார்த்து, பொருந்துற மாட்யூலைக் கூப்பிடும். கல்யாண மண்டபத்துல வந்தவங்களைப் பார்த்து "இவங்க பொண்ணு வீடு, இவங்க மாப்பிள்ளை வீடு"ன்னு சொல்ல ஒரு பெரியவர் வாசல்ல நிப்பாரே, அந்த வேலை. லிஸ்ட்ல நம்பர் இல்லைன்னா, வந்தவர் வாசல்லேயே நிக்க வேண்டியதுதான்.

லினக்ஸ்ல பெரும்பாலான டிரைவர் கெர்னலோடவே சேர்ந்து வரும். அதனால புது கார்டுக்குப் புது கெர்னல் வேணும். ரியல்டெக்கோட 2.5 ஜிகாபிட் லேன் சிப், ஆர்டிஎல்8125, அதை கெர்னல் 5.4 தான் முதல்ல அடையாளம் கண்டுக்கிச்சு. உங்க மதர்போர்டுல அது இருந்து, நீங்க போடுற ஓஎஸ்ல 4 சீரிஸ் கெர்னல் இருந்தா, கேபிள் சொருகினாலும் இன்டர்நெட் வராது. கேபிள் மேல தப்பே இல்ல.

இங்கதான் நான் சொதப்பினேன். "8852ஆ? அது கெர்னல் 5.16லேயே வந்துடுச்சே, டெபியன் 12ல 6.1 இருக்கு, டிரைவர் இருக்கணும். அப்போ ஃபர்ம்வேர் பிரச்சினைதான்"னு மனசுக்குள்ள தீர்ப்பு எழுதிட்டேன். அடுத்த ஒன்றரை மணி நேரம் அந்தப் பொண்ணை வெச்சு ஃபர்ம்வேர் ஃபைலைத் தேட வெச்சேன். இன்னொரு பென் டிரைவுக்குப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் போயிட்டு வந்தா.

உண்மை என்ன? 5.16ல வந்தது 8852ஏஇ. அவளோடது 8852பிஇ. ஏ இல்ல, பி. பி மாடலுக்கான டிரைவர் வந்தது கெர்னல் 6.2ல. டெபியன் 12ல இருக்கிறது 6.1. ஒரே ஒரு படி கீழே. அவ சரியாத்தான் "பி852"னு படிச்சா. நான்தான் காதுல வாங்கல.

"கெர்னல் டிரைவர் இன் யூஸ் வரி இருக்கா?"ன்னு முதல்லயே கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். ஒன்பதரை மணிக்குத்தான் கேட்டேன். "அப்படி ஒரு வரியே இல்லண்ணா"ன்னா.

கேள்வி 3: ஃபர்ம்வேர் கிடைச்சுதா?

டிரைவர் வேற, ஃபர்ம்வேர் வேற. நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. டிரைவர் உங்க ப்ராசஸர்ல ஓடும். ஃபர்ம்வேர் அந்த கார்டுக்குள்ள இருக்கிற குட்டி ப்ராசஸர்ல ஓடும். இப்போ வர்ற பெரும்பாலான வைஃபை கார்டுல ஃபர்ம்வேர் நிரந்தரமா இருக்காது. ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் டிரைவர்தான் அந்த ஃபைலை எடுத்து கார்டுக்குள்ள ஊட்டணும். ஃபைல் இல்லைன்னா, டிரைவர் இருந்தும் கார்டு பட்டினி.

இதைக் கண்டுபிடிக்க டிமெசேஜ்-னு ஒரு கமாண்ட் இருக்கு, கெர்னலோட டைரி அது. அதுல ஃபர்ம்வேர் ஃபைலோட பேரைப் போட்டு "ஃபெயில்டு டு லோட்"னு இருந்தா, கேஸ் முடிஞ்சது. எந்த ஃபைல் வேணும்னு அதுவே பேரோட சொல்லுது. அந்த ஃபைலை இன்னொரு மெஷின்ல டவுன்லோட் பண்ணி, பென் டிரைவ்ல கொண்டு வந்தா போதும்.

டெபியன்ல இது பல வருஷத் தலைவலி. இந்த ஃபர்ம்வேர் ஃபைலுக்கெல்லாம் சோர்ஸ் கோட் கிடையாது, கம்பெனி கொடுக்கிற மூட்டை அப்படியேதான். சுதந்திர மென்பொருள் மட்டும்தான்னு கொள்கை வெச்சிருக்கிற டெபியன், அதை அதிகாரபூர்வ இன்ஸ்டாலர்ல சேர்க்கவே இல்ல. ஃபர்ம்வேரோட இருந்த இமேஜ் "அன்அஃபிஷியல்"னு ஒரு மூலைல இருக்கும், தெரிஞ்சவங்க எடுத்துப்பாங்க. 2022ல அவங்களுக்குள்ள ஓட்டெடுப்பு வெச்சாங்க. சேர்க்கலாம்னு முடிவாச்சு. 2023 ஜூன்ல வந்த டெபியன் 12ல இருந்து ஃபர்ம்வேர் உள்ளேயே வருது. அதனால டெபியன் 11க்கு எழுதின பழைய கைடைப் பார்த்து 12க்கும் 13க்கும் ஃபர்ம்வேர் தேடிக்கிட்டு இருக்காதீங்க. நான் அன்னைக்கு அதைத்தான் பண்ணினேன். பழைய பழக்கம்.

கேள்வி 4: நடுவுல யாராவது தடுக்குறாங்களா?

டிரைவர் இருக்கு, ஃபர்ம்வேர் இருக்கு, ஆனாலும் வரல. இங்க மூணு பேர் மேல சந்தேகப்படலாம்.

ஒண்ணு, ஏரோப்ளேன் மோட் பட்டன். ஆர்எஃப்கில்-னு கமாண்ட் போட்டா "சாஃப்ட் பிளாக்டு", "ஹார்ட் பிளாக்டு"னு ரெண்டு காட்டும். சாஃப்ட்னா சாஃப்ட்வேர்லயே எடுத்துடலாம். ஹார்ட்னா கீபோர்டுல இருக்கிற எஃப்என் பட்டனோ, பழைய லேப்டாப்புல ஓரமா இருக்கிற ஸ்விட்சோ. சிரிக்காதீங்க, சீனியர் இன்ஜினியர்களே இதுல விழுந்திருக்காங்க.

ரெண்டு, செக்யூர் பூட். கெர்னலோட வர்ற டிரைவருக்குக் கையெழுத்து இருக்கும். நீங்களா வெளியில இருந்து எடுத்து கம்பைல் பண்ணின டிரைவருக்கு இருக்காது. செக்யூர் பூட் ஆன்ல இருந்தா, கையெழுத்து இல்லாத ஆளை உள்ளே விடாது. அந்த டிரைவருக்கான சாவியை மெஷின்ல பதிவு பண்ணணும், இல்ல பயாஸ்ல செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணணும். ஆஃப் பண்றதுக்கு முன்னாடி, அதே மெஷின்ல விண்டோஸ் பிட்லாக்கரோட இருந்தா, ரெக்கவரி கீயை எடுத்து வெச்சுக்கோங்க. இல்லைன்னா வைஃபையைச் சரி பண்ணப் போய் டேட்டாவை இழந்துடுவீங்க.

மூணு, டூயல் பூட்காரங்களுக்கு. விண்டோஸ் 8ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு இருக்கு. நீங்க ஷட் டவுன் குடுத்தாலும் அது முழுசா ஆஃப் ஆகாது, பாதித் தூக்கத்துல போகும். சில கார்டு அதே தூக்கத்துல இருந்து லினக்ஸ்ல எழுந்திரிக்காது. ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டே ஷட் டவுன் குடுத்தா முழுசா ஆஃப் ஆகும். "நேத்து வந்துச்சு, இன்னைக்கு வரல"ன்னு சொல்ற கேஸ்ல இதை முதல்ல பாருங்க.

கேள்வி 5: கார்டு ஓகே, ஐபி வந்துச்சா?

சில பேர் "கார்டு டிடெக்ட் ஆகல"ன்னு சொல்வாங்க, போய்ப் பார்த்தா கார்டு ஜம்முனு இருக்கும். ஐபி அட்ரஸ் 169.254ன்னு ஆரம்பிச்சா, "கார்டு ரெடி, ஆனா அந்தப் பக்கம் ரவுட்டர் எனக்கு அட்ரஸ் கொடுக்கல"ன்னு அர்த்தம். டிரைவரைத் தொடாதீங்க. கேபிளை, ரவுட்டரைப் பாருங்க. "நோ கேரியர்"னு காட்டினா கேபிள்ல சிக்னலே இல்ல.

இன்னொரு குழப்பம் பேர். முன்னாடியெல்லாம் லேன் கார்டுக்கு ஈடிஎச்0, வைஃபைக்கு டபிள்யூலேன்0ன்னு பேர் இருக்கும். இப்போ ஈஎன்பி3எஸ்0 மாதிரி வருது. பழைய பேரைத் தேடிட்டு "காணோம்"னு சொல்றவங்க உண்டு. அந்தப் பேர்லயே அட்ரஸ் இருக்கு: பி3ன்னா பிசிஐ பஸ் 3, எஸ்0ன்னா ஸ்லாட் 0. அதனால நீங்க புதுசா ஒரு கிராபிக்ஸ் கார்டோ எஸ்எஸ்டியோ சொருகினா பஸ் நம்பர் நகர்ந்து, பி3 பி4 ஆகிடும். பழைய பேருக்கு எழுதின செட்டிங் அம்போ. வீட்டுல சர்வர் வெச்சிருக்கிறவங்க இதை எழுதி வெச்சுக்கோங்க.

பூட்டுன பெட்டிக்குச் சாவி: உங்க ஃபோன்

மணி பத்து. பிரச்சினை தெரிஞ்சுடுச்சு: கெர்னல் பழசு. புது கெர்னல் வேணும். அதுக்கு இன்டர்நெட் வேணும். மெல்லிசான லேப்டாப், லேன் போர்ட்டே கிடையாது. அதுக்கும் மேல நான் அனுப்பினது நெட்இன்ஸ்ட் இமேஜ். அதுல அடிப்படை சிஸ்டம் மட்டும்தான் இருக்கும், டெஸ்க்டாப் எல்லாம் இன்டர்நெட்ல இருந்துதான் இறங்கணும். இன்டர்நெட் இல்லாத மெஷினுக்கு, இன்டர்நெட் தேவைப்படுற இன்ஸ்டாலரை அனுப்பி வெச்ச புத்திசாலி நான்தான்.

"சித்தி ஃபோன் ஆண்ட்ராய்டுதானே? சார்ஜர் கேபிளை எடு."

ஆண்ட்ராய்டு ஃபோனை யுஎஸ்பி கேபிள்ல லேப்டாப்போட இணைச்சு, செட்டிங்ஸ்ல ஹாட்ஸ்பாட் பக்கத்துல போய் யுஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க. லேப்டாப்புக்கு உங்க ஃபோன் ஒரு நெட்வொர்க் கார்டா தெரியும். இதுக்கான டிரைவர் பொதுவானது, ஃபோன் மாடலுக்குத் தனித்தனியா தேவையில்ல. லினக்ஸ்லயும் இருக்கு, விண்டோஸ்லயும் இருக்கு, டெபியன் இன்ஸ்டாலர் உள்ளேயும் இருக்கு. ஃபர்ம்வேரும் தேவையில்ல. ஃபோன் வீட்டு வைஃபைல இருந்தா, அந்த வைஃபையையே லேப்டாப்புக்குக் கடத்தும். மொபைல் டேட்டா கூடத் தேவையில்ல.

கவனிக்க வேண்டியது ரெண்டு. சில கேபிள் சார்ஜ் மட்டும்தான் பண்ணும், உள்ளே டேட்டா வயரே இருக்காது. அது வேலைக்கு ஆகாது. அப்புறம், ஐஃபோன் லினக்ஸோட பேச இன்னும் கூடுதல் சாஃப்ட்வேர் தேவைப்படும். இன்ஸ்டால் நடுவுல அதுக்கு வழி இருக்காது. அதனால ஆண்ட்ராய்டு கடன் வாங்குங்க.

கேபிளைச் சொருகி, இன்ஸ்டாலர்ல நெட்வொர்க் தேடுற ஸ்டெப்பைத் திரும்ப ஓட வெச்சோம். ஈஎன்எக்ஸ்னு ஆரம்பிக்கிற ஒரு பேர் வந்துச்சு. "அண்ணா, வந்துடுச்சு!"ன்னு கத்தினா. பின்னாடி சித்தி "இன்னும் தூங்கலையா?"ன்னு கத்தினாங்க.

அவங்க வீட்டுல பிராட்பேண்ட் கிடையாது. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக். அன்னைக்கு சீரியல், வீடியோன்னு பாதி போயிருந்தது. டெஸ்க்டாப் முழுசா இறக்க அது பத்தாது. முதல்ல அடிப்படை சிஸ்டத்தை மட்டும் போட்டு முடிச்சோம். 12 மணிக்கு டேட்டா ரீசெட் ஆகுற வரைக்கும் காத்திருந்தோம். அப்புறம் சின்னதா எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப், பிரவுசர். கடைசியா டெபியனோட பேக்போர்ட்ஸ்ல இருந்த புது கெர்னல். ரீபூட். வைஃபை ஐகானை அழுத்தினா பக்கத்து வீட்டு வைஃபை பேரெல்லாம் வரிசையா நிக்குது. மணி ஒண்ணே கால். கார்டு உயிரோடதான் இருந்துச்சு.

ஒருவேளை வைஃபை வந்திருக்கலைன்னாலும், காலைல அதே கேபிள்லயே டெஸ்ட் எழுதியிருக்கலாம். அதைத்தான் நான் முதல் அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருக்கணும்: முதல்ல ஃபோனைச் சொருகு, வழி திறக்கட்டும், அப்புறம் பொறுமையா நோயைக் கண்டுபிடிக்கலாம்.

விண்டோஸ் 11 போடுறவங்களுக்கு

அங்கேயும் கதை இதேதான். ஹோம் எடிஷன் செட்டப்ல இன்டர்நெட் இல்லாம அடுத்த ஸ்டெப்புக்கு விடாது. கார்டுக்கு டிரைவர் இல்லைன்னா அங்கேயே நிப்பீங்க. முதல் வழி, மேலே சொன்ன யுஎஸ்பி டெதரிங். ரெண்டாவது வழி, வேற மெஷின்ல லேப்டாப் கம்பெனி சைட்டுக்குப் போய் உங்க மாடலுக்கான வைஃபை டிரைவரை எடுத்து, பென் டிரைவ்ல பிரிச்சு வெச்சுக்கோங்க. செட்டப்ல ஷிஃப்ட், எஃப்10 அழுத்தினா கமாண்ட் ஸ்கிரீன் வரும். அதுல பிஎன்பியுடில்-னு ஒரு டூல் இருக்கு, ஐஎன்எஃப் ஃபைலைக் காட்டினா டிரைவரை ஏத்திக்கும்.

இன்டர்நெட் ஸ்டெப்பையே தாண்டிப் போற தந்திரங்கள் யூடியூப் முழுக்க இருக்கு. மைக்ரோசாஃப்ட் அதையெல்லாம் ஒண்ணொண்ணா அடைச்சுட்டு வருது. போன வருஷ வீடியோ இந்த வருஷ வெர்ஷன்ல ஓடலாம், ஓடாமலும் போகலாம். அதை நம்பி உட்காராதீங்க.

எந்த கார்டுன்னே தெரியலையா? டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் ஆச்சரியக்குறியோட இருக்கிறதை ரைட் கிளிக் பண்ணி, பிராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்டுவேர் ஐடீஸ். அங்க விஇஎன், டிஇவி-ன்னு ரெண்டு இருக்கும். நாம முதல் கேள்வில பார்த்த அதே ரெண்டு நம்பர்தான். ஓஎஸ் மாறினாலும் கார்டு தன் பேரை மாத்திச் சொல்லாது.

வர்ச்சுவல் மெஷின்காரங்களுக்கு ஒரு வரி: கேவிஎம், பிராக்ஸ்மாக்ஸ்ல விண்டோஸ் போடும்போது கார்டு டைப் வர்ட்ஐஓ-ன்னு இருந்தா விண்டோஸுக்குத் தெரியாது. வர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவைக் கூடவே மாட்டுங்க, இல்ல தற்காலிகமா ஈ1000க்கு மாத்துங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி

ஓஎஸ் போடுறதுக்கு முன்னாடி, பழைய ஓஎஸ் இன்னும் ஓடிக்கிட்டிருக்கும்போதே, மூணு வேலை பண்ணிடுங்க. கார்டோட ரெண்டு நம்பரையும் ஃபோன்ல போட்டோ எடுத்துக்கோங்க. போடப்போற ஓஎஸ்ஸோட லைவ் யுஎஸ்பில பூட் பண்ணி, வைஃபை வருதான்னு பாருங்க, டிஸ்க்கைத் தொடாமலே பார்த்துடலாம். டேட்டா போற நல்ல கேபிள் ஒண்ணை பேக்ல வெச்சுக்கோங்க.

அந்த டெஸ்ட் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. எழுதினா. ரெண்டாவது ரவுண்ட் வரைக்கும் போனா, அந்தக் கம்பெனில வேலை கிடைக்கல, நாலு மாசம் கழிச்சு வேற இடத்துல கிடைச்சது. 1,800 ரூபா மிச்சமானதுக்கு எனக்கு ஒரு பிரியாணி கூட இன்னும் வரல.

ஆனா போன மாசம் ஒரு ஃபோன் வந்துச்சு. "அண்ணா, ரூம்மேட் லேப்டாப். கார்டு போச்சுன்னு கடைல சொல்லிட்டாங்களாம். நான் பார்த்தேன், 14சி3ன்னு வருது, டிரைவர் வரி இல்ல. மீடியாடெக்தானே? கெர்னல் பழசு. ஃபோனைச் சொருகிட்டேன், இறங்கிட்டிருக்கு. சும்மா சொல்லலாம்னு கூப்பிட்டேன்."

உங்க கார்டு நம்பரையும், எந்தக் கேள்வில மாட்டிக்கிட்டீங்கன்னும் எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல சேர்ந்து பார்ப்போம். "வைஃபை வரல ப்ரோ"ன்னு மட்டும் அனுப்பாதீங்க, நம்பர் முக்கியம்.